தெங்குவின் உள்ளறைத் தூண்கள்

மகனே, அம்மா எழுதுகிறேன்.

இந்தத் தாளை உன் கையில் கொடுத்த பெண்ணை முதலில் உட்காரச் சொல். அவள் லீமா. ஆற்றோரத்து இஸ்தானாவில், அந்தப் பழைய அரண்மனையில், ராணி தெங்குவுக்குத் துணையாக இருப்பவள். போன மாதம் நீயும் நானும் அங்கே போனபோது வாசலில் நம்மை மறித்தாளே, அவளேதான். படகில் வந்து, கோலகங்சார் கடைத்தெரு முழுக்க நடந்து உன் ஆபீசைத் தேடிப் பிடித்திருப்பாள். ஒரு கோப்பி வாங்கிக் கொடு. படித்து முடிக்கும்வரை அவளிடம் எதுவும் கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டாள், நான் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சௌக்கியமா என்று விசாரித்து ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் சிலிபின் வீட்டில் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு ரயிலேறிப் போனவனிடம் என்ன சௌக்கியம் விசாரிப்பது? கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதலாம் என்று இருந்தால் உன் துரை பினாங்கிலிருந்து வந்துவிடுவார், நீ அந்த இஸ்தானா ரிப்போர்ட்டை அவர் மேசையில் வைத்துவிடுவாய். அதற்குப் பிறகு நான் எழுதி என்ன, எழுதாவிட்டால் என்ன.

என் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது உன் தப்பும்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நீ கொண்டுவரும் சிலேட்டைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டினேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, அடுப்பை ஊதிக்கொண்டே, "இது என்னடா, அது என்னடா" என்று உன்னை நச்சரித்தது நினைவிருக்கிறதா? நீ பெரிய வாத்தியார் மாதிரி என் தலையில் குட்டுவாய். அந்தப் பிள்ளை இன்றைக்கு ஓவர்சியர். அரசாங்கக் கட்டடம் நிற்கலாமா, இடிக்கலாமா என்று அவன் பார்த்துச் சொன்னால் துரை கையெழுத்துப் போடுகிறார். சிலிபினில் இதைச் சொல்லிக்கொண்டு நான் கொஞ்சமாகவா அலட்டிக்கொண்டேன்? பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டாலே கதவைச் சாத்தும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் நீ வந்து, "அம்மா, ஒரு பழைய இஸ்தானாவப் பாக்கப் போறேன், நீயும் வரணும்" என்று கூப்பிட்டபோது காரணம்கூடக் கேட்காமல் பெட்டியைத் திறந்து பட்டுப் புடவையை எடுத்தேன்.

காரணத்தை ரயிலில்தான் சொன்னாய். ராஜா இறந்துபோய் வெகுகாலமாகிவிட்டது, அவர் மனைவி தெங்கு மட்டும் ஒரு வேலைக்காரப் பெண்ணோடு அங்கே இருக்கிறார், பிள்ளைகள் எல்லாம் தெலுக் ஆன்சன் பக்கம் போய்விட்டார்கள், வீட்டைக் கவனிக்க ஆளில்லை. இடித்துவிட்டு தெங்குவுக்கு ஊருக்குள் ஒரு கல்வீடு கொடுத்துவிடலாம் என்று துரை நினைக்கிறார். ஆனால் பார்க்காமல் இடிக்க முடியாது. தெங்குவின் உள்ளறைக்குள்ளோ அதற்கு அடியிலோ வெளி ஆம்பிளை யாரும் நுழையக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். துரையே வந்தாலும் முன்கூடத்தோடு சரி. அதனால் முன்கூடத்தை நீ பார்ப்பதாகவும், உள்ளறையை நான் பார்த்துச் சொல்வதாகவும் ஏற்பாடு. "நீதாம்மா எனக்குக் கண்ணு" என்றாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய்.

அரண்மனை என்றதும் கல்லும் கோபுரமுமாக ஏதோ நினைத்துக்கொண்டு வந்த எனக்கு, படகிலிருந்து பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. உயரமான மரத் தூண்களின் மேல் ஒரு பெரிய வீடு. அத்தாப்பு ஓலைக் கூரை பாதி அழுகிக் கிடந்தது, கூரை முகட்டில் ஒரு செடி முளைத்துப் பெரிதாகியிருந்தது. வீட்டுக்கு அடியில் ஆடுகள். "இதுக்கா பட்டுப் புடவை" என்று நான் முணுமுணுத்ததும் நீ சிரித்தாய். ஆனால் கிட்டே போகப் போக உன் முகம் மாறிவிட்டது. மூங்கிலைப் பிளந்து வைர வைரமாகப் பின்னிய அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாய். கருப்பும் மஞ்சளுமாகச் சாயம் பூசியிருந்ததாம், வெளுத்துப்போய் வைக்கோல் நிறத்தில் இருந்தது. "ஒரு ஆணி கூட அடிக்கலம்மா, எல்லாம் மரத்துக்குள்ள மரத்தச் சொருகிக் கட்டியிருக்கானுங்க. இப்படி ஒன்னு இனிமே எவனும் கட்ட மாட்டான்" என்றாய். சின்ன வயதில் புதுச் சிலேட்டைத் தடவினாயே, அதே மாதிரி தடவினாய். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இல்லை என்று சொல்லாதே.

அப்புறம்தான் லீமா ஓடி வந்து படிக்கட்டில் குறுக்கே நின்றாள். "குனிங் தா போலே" என்றாள். மஞ்சள் ஆகாதாம். ராஜா குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அந்த வாசலுக்குள் மஞ்சள் உடுத்திப் போகக் கூடாதாம். நானோ நல்ல காரியத்துக்குப் போகிறோம், பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று பளிச்சென்ற மஞ்சள் பட்டில், புதிதாக மஞ்சள் பூசின தாலிக்கயிற்றோடு, பழம் வெற்றிலையைக்கூட மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நம் ஆட்களைத் தவிர இந்தக் கூத்தை வேறு யார் செய்வார்கள்? தெங்கு என்று எப்படிக் கூப்பிடவேண்டும், எங்கே செருப்பைக் கழற்றவேண்டும் என்று வழி நெடுக எனக்குப் பாடம் எடுத்த நீ இதைச் சொல்ல மறந்துவிட்டாய். லீமா ஒரு பூப்போட்ட பாத்தேக் கைலியைக் கொண்டுவந்து புடவைக்கு மேலே சுற்றிக்கொள்ளச் சொன்னாள், சுற்றிக்கொண்டேன். துணி மூட்டையை வெளியே வைக்கச் சொன்னாள், வைத்தேன். பிறகு என் கழுத்தைக் காட்டினாள்.

நான் தாலிக்கயிற்றை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். நீ என்ன செய்தாய்? கடிகாரத்தைப் பார்த்தாய். "அம்மா, கழட்டி இடுப்புல சொருகிக்கயேன். கொஞ்ச நேரந்தான். யாரு பாக்கப் போறா?" என்றாய். "உங்கப்பா உசுரோட இருக்காருடா" என்றேன். "அது தெரியும்மா, வேல கெட்டுப்போகும்லா" என்றாய். தை மாதம் உனக்குக் கல்யாணம். ஒரு பெண்ணின் கழுத்தில் நீ அதைக் கட்டப் போகிறாய். கட்டுகிற நேரத்தில் இந்த வாசல் உன் நினைவுக்கு வரவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். அந்த வார்த்தை எனக்கு வலித்தது. இன்னமும் வலிக்கிறது. நான் திரும்பி இறங்கப் போனேன், நீ என் கையைப் பிடித்து இழுத்தாய், லீமா ஏதோ கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெங்குவே கதவருகே வந்தார்.

ராணி என்றால் நகையும் ஆளும் அம்புமாக வருவார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, வெளுத்த கைலியும் பாஜுச் சட்டையுமாக ஒரு வயதான மனுஷி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் கிடப்பது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைத்தெருவில் பேசும் பசார் மலாய். "லாக்கி ஆடா, இனி ஆடா" என்றேன். புருஷன் இருக்கிறவரைக்கும் இதுவும் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். ராஜா வீட்டுப் பெண்ணிடம் 'லாக்கி' என்று கொச்சையாகப் பேசிவிட்டேன் என்று நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய். தெங்குவோ கோபிக்கவில்லை. பிறகு லீமாவிடம் சொன்னது எனக்கும் புரிந்தது. "அது அவள் புருஷனுடையது. அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. உள்ளே விடு."

உள்ளே போகும்போது உன் மடக்குக் கத்தியை எடுத்து, எப்படிப் பார்க்கவேண்டும் என்று காட்டினாய். முன்கூடத்தில் ஒரு தூணின் அடியில் கத்தியை வைத்து அழுத்தினாய். பழுத்த பப்பாளியில் இறங்குகிற மாதிரி பிடிவரைக்கும் இறங்கியது. அடுத்த தூணும் அப்படியே. "இப்படி இறங்குனா உளுத்துப் போச்சுன்னு அர்த்தம். ஒவ்வொன்னா குத்திப் பாத்து அங்கேருந்து சத்தமா சொல்லு" என்று கத்தியை என் கையில் கொடுத்தாய். நான் உள்ளறைக்குள் போனேன். பலகைத் தரை காலுக்கடியில் முனகியது. விழுந்துவிடுமோ என்று நடக்கவே பயமாக இருந்தது. அதைவிட, என் கையிலிருந்த கத்தியைத் தெங்கு பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குத்தான் அதிகம் பயந்தேன். அவர் வீட்டுத் தூணை அவர் கண் முன்னாலேயே முன்பின் தெரியாத ஒருத்தி குத்தப் போகிறாள். நான் முதல் தூணில் கத்தியை வைத்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தடுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். அந்தப் பிடி இன்னமும் என் தோலில் இருக்கிறது.

"எறங்குதாம்மா?" என்று மூங்கில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கேட்டாய். "எறங்கலடா" என்றேன். "நல்லா அழுத்தும்மா." நான் உடம்பு கனம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். கத்தி வழுக்கிக்கொண்டு போனதே தவிர உள்ளே போகவில்லை. ஒவ்வொரு தூணாகப் போனேன். ஒவ்வொரு தடவையும் நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். குளிக்கிற மூலையில் தண்ணீர் தேங்குகிற இடத்தில் ஒரே ஒரு தூணில் இறங்கியது, அதையும் மறைக்காமல் சொன்னேன். மற்றதெல்லாம் இரும்பாக இருந்தது. கூரை ஒழுகுகிறது, சுவரில் கரையான் இருக்கிறது, அதையும் சொன்னேன். திரும்பி வரும்போது படகில் நீ என்ன சொன்னாய்? முன்கூடத்துத் தூண்களின் அடியை மட்டும் அறுத்துவிட்டு நல்ல மரத்தை ஒட்டிக் கல் மேல் நிறுத்தலாம், கூரையை மாற்றலாம், மற்றதைத் தொடவே வேண்டாம் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் மனசு நிறைந்திருந்தது. தெங்கு கிளம்பும்போது என்னிடம், "உன் மகன் என்ன எழுதுவான்?" என்று கேட்டதற்கு, "நான் பார்த்துச் சொன்னதை எழுதுவான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை நீ அந்த ரிப்போர்ட்டை உங்கப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டினாய். உள்ளறைத் தூண்களும் முன்கூடத்தைப் போலவே உளுத்துவிட்டன, வீடு முழுவதையும் இடிப்பதே நல்லது என்றாய். சோறு போட்டுக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "யாருடா பாத்தா உள்ளறைய?" என்று கேட்டேன். "அம்மா, எங்கம்மா கத்திய வச்சு குத்திப் பாத்தாங்கன்னு தொரைக்கு எழுத முடியுமா? சிரிப்பாரு. நீ பாத்ததெல்லாம் கணக்குல வராதும்மா" என்றாய். சரி, என் கண் கணக்கில் வராது என்றே வைத்துக்கொள். அப்படியானால் பார்க்க முடியவில்லை என்றல்லவா எழுதியிருக்கவேண்டும்? நீ பார்க்காததை, நான் பார்த்ததற்கு நேர்மாறாக எழுத உனக்கு யார் சொன்னது? இதைக் கேட்டதும்தான் நீ அந்தப் பேச்சை எடுத்தாய். "நிக்கும்னு எழுதிட்டு அந்தப் பாட்டி மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது? பவுனுக்கு நடந்தது போதாதா?" என்றாய். உங்கப்பா தட்டை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நீயும் எழுந்து போய்விட்டாய். நான் அந்த இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பவுனு பெயரை நம் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நீ எடுத்துவிட்டாய், அதனால் நானும் எடுக்கிறேன். தங்கச்சி மேல் உனக்கு எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியும். உளுத்த மரம் என்றாலே உனக்கு ஏன் பயம் என்பதும் தெரியும். தோட்டத்து லயத்தில் நம் வீட்டு உத்திரத்திலிருந்து பொடி கொட்டும். சோற்றில் விழும், அவள் தூளியில் விழும். நீதான் அதை விரலில் தொட்டுக் காட்டி, "அம்மா, மாவு" என்பாய். உங்கப்பா கங்காணியிடம் சொன்னார், கங்காணி ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார். கிராணி லயத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டே, வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். அந்த மழையில் உத்திரம் முறிந்து, நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், தூளியின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு தோட்டத்துத் துரை உங்கப்பாவைக் கூப்பிட்டு அந்தத் தாளைத்தானே காட்டினார்? வீடு நன்றாக இருந்ததாக எழுதியிருக்கிறது என்றாரே. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மனுஷனிடம் காட்டினார். நீ அப்போது உங்கப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

ராசா, நான் உன்னைக் குத்திக் காட்டவேண்டும் என்று இதை எழுதவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பவுனைக் கொன்றது உளுத்த மரம் என்று நீ இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். மரம் பொடியைக் கொட்டிக் கொட்டி நமக்குச் சொல்லத்தான் செய்தது. வந்து பார்க்காமல் எழுதினானே ஒருத்தன், அவன்தான் கொன்றான். அவன் நல்லது என்று எழுதினான், நீ கெட்டது என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேருமே பார்க்கவில்லை. என் மகனை அந்தக் கிராணியின் பக்கத்தில் வைத்துப் பேசும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். லீமாவிடம் கேட்கக் கூடாது என்று சொன்னது இதைத்தான். இந்தக் கடிதத்தை நான் சிலிபினில் இருந்து எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன். உங்கப்பா, "ஒனக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? மழ நாள்லயா போவ?" என்று கத்தினார். கத்திவிட்டு அவரே ஸ்டேஷனுக்கு வந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து, "அவன் வர்ற வரைக்கும் நீ வராத" என்று ரயிலேற்றிவிட்டார். இந்தத் தடவை மஞ்சள் படாத நீலப் புடவையில்தான் போனேன். தாலிக்கயிறு கழுத்தில்தான் கிடக்கிறது, லீமா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தெங்குவின் உள்ளறையில், நான் முதலில் குத்திப் பார்த்த தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எழுதுகிறேன். வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்கிறது. ஆறு கலங்கி ஏறிக்கொண்டிருக்கிறது, படித்துறையில் கீழ்ப்படிகள் கண்ணில் படவில்லை. முன்கூடம் காற்றுக்கு முனகும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அறை அசையவில்லை.

நீ எழுதியிருப்பதைத் தெங்குவிடம் சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அறையில்தான் இருக்கிறாராம், ராஜாவின் உயிர் பிரிந்ததும் இங்கேதானாம். பிறகு ஒரு முடிவு சொன்னார். நீ வந்து பார்க்கலாம். உள்ளறைக்குள்ளேயே வரலாம். இந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம் அது, லீமா அதைக் கேட்டு அழுதுவிட்டாள். நீ பார்த்து முடிக்கும்வரை தெங்கு கீழே மங்குஸ்தான் மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்திருப்பாராம். மழையாக இருந்தால் படகுக் கொட்டகையில் இருப்பாராம். அந்தக் குளிக்கிற மூலையைத் தவிர வேறு தூணில் கத்தி இறங்கினால் அவரே தன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு என்னோடு படகில் ஏறிவிடுவதாகச் சொல்லிவிட்டார். நானும் உன் பக்கம் நின்று, இடிக்கத்தான் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வேன். இறங்கவில்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை நீ உன் கையாலேயே கிழித்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுது. துரைக்குப் பிடிக்காமல் உன் வேலையை உறுதிப்படுத்தாமல் போனால் போகட்டும். பெண் வீட்டார் ஏதாவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். நாங்கள் பால் வெட்டித்தான் உன்னை வளர்த்தோம், அந்தக் கை இன்னும் மரத்துப்போகவில்லை.

என் கண் கணக்கில் வராது என்றாய். உன் கண் வரும் அல்லவா? லீமா படகை நிறுத்திவைத்திருக்கிறாள், அவளோடேயே கிளம்பி வா. நீ வரும்வரை நான் இந்த அறையை விட்டு நகரப் போவதில்லை, உன் ரிப்போர்ட்டில் இருப்பது உண்மையென்றால் இந்த மழைக்கே இது என் தலையில் விழவேண்டும். கத்தியைத் தேடாதே, அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், என்னிடம்தான் இருக்கிறது.

அம்மா